முதலில் ஓர் அறை

மதுரைப் பக்கம் எங்கள் சோழவந்தானில் பூனை இல்லாத தெரு கிடையாது. ஆனால் ‘எங்கள் பூனை’ என்று சொல்கிற வீடு குறைவு. நெல் மூட்டை அடுக்கியிருந்தால் தானாக வரும். மீன் கழுவும் சத்தம் கேட்டால் வரும். பரணில் குட்டி போடும், குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாற்றும், ஒருநாள் காணாமல் போகும். “வந்துச்சு, இருந்துச்சு, போயிருச்சு” என்பதோடு கணக்கு முடியும்.

காப்பகத்திலிருந்து ஒரு பூனையைத் தத்து எடுப்பது இதற்கு நேர் எதிரான காரியம். அது தானாக வரவில்லை, நாம் கொண்டு வருகிறோம். பிறந்த தெருவை ஒருமுறை இழந்து, காப்பகத்தின் வாசனைக்கும் சத்தத்துக்கும் பழகி, இப்போது அதையும் இழந்துவிட்டு நம் வாசலில் இறங்குகிறது. ஆகவே முதல் மாதத்து வேலை முழுவதும் நம் தலையில்.

அந்த வேலையில் பாதி, ஒரு கதவைச் சாத்தி வைப்பது. வந்திறங்கிய பூனைக்கு வீடு வேண்டாம், ஓர் அறை போதும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வந்த இரண்டாம் நாளே கதவைத் திறந்துவிட்டு, மூன்று ராத்திரி டார்ச் லைட்டோடு அக்கம்பக்கத்து ஓட்டுக் கூரைகளைப் பார்த்துக்கொண்டு திரிந்த பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கே கிடைக்கும்

தமிழ்நாட்டில் விலங்குக் காப்பகம் என்றதும் நினைவுக்கு வருவது சென்னை புளூ கிராஸ். விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் தொடங்கியது. தெரு நாய்களைக் கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து விட்டுவிடலாம் என்பதை 1964-லேயே செய்து காட்டிய இடம். அங்கே பூனைகளும் தத்துக்கு உண்டு. ஆனால் சோழவந்தானிலிருந்து சென்னைக்குப் போய், ஒரு பூனையை ராத்திரி முழுக்கக் கூடையில் அடைத்துக்கொண்டு வருவதை நான் சொல்ல மாட்டேன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறு காப்பகங்கள், வீட்டு மாடியில் பத்துப் பூனைகளை வைத்துக் கவனிக்கிற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். பலரிடம் போர்டு இருக்காது. எளிய வழி, பூனைக்கு ஊசி போடுகிற கால்நடை மருத்துவரிடம் விசாரிப்பதுதான். அடிபட்ட பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு யார் அடிக்கடி வருகிறார் என்று அவருக்குத் தெரியும். அப்படி வருகிறவரே உங்கள் ஆள்.

போனதும் ஃபாரம் ஒன்று கொடுப்பார்கள். ஆதார் நகல் கேட்பார்கள். சொந்த வீடா வாடகையா, வீட்டில் எத்தனை பேர், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், கிணறு மூடியிருக்கிறதா என்று கேள்வி வரும். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பது போலத்தான் இருக்கும். கோபப்படாதீர்கள். ஒன்றுமே கேட்காமல் பூனையைத் தூக்கிக் கையில் கொடுக்கிற இடத்தில்தான் யோசிக்க வேண்டும்.

எந்தப் பூனை

பிள்ளைகளோடு போனால் அவர்கள் கை நீளுவது இருப்பதிலேயே சின்னக் குட்டியிடம். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அங்கே இருந்த பெண் சிரித்துக்கொண்டே, “அண்ணே, அது இன்னும் பாலே மறக்கல. எட்டு வாரம் ஆகாம நாங்க யாருக்கும் தர்றதில்ல” என்றார். சரியான பேச்சு. தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் அந்த எட்டு வாரம் இருந்த குட்டிதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொண்டு வரும். முன்னதாகப் பிரித்த குட்டி உங்கள் கையில் அந்தப் பாடத்தைப் படிக்கும்.

என் கட்சி, முதன்முறை வளர்ப்பவர்கள் வளர்ந்த பூனையை எடுப்பது நல்லது என்பது. ஒன்றரை, இரண்டு வயதுப் பூனையின் குணம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது: மடியில் உட்காருமா, தள்ளி நிற்குமா, சின்னப் பிள்ளைகளைக் கண்டால் ஓடுமா என்று காப்பகத்துக்காரர் சொல்லிவிடுவார். குட்டியின் குணம் மதில் மேல் பூனை மாதிரி, எந்தப் பக்கம் குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் காலுக்குள் ஓடும் குட்டி ஆபத்தும்கூட. குட்டிதான் வேண்டும் என்றால், ஒன்றோடொன்று விளையாடும் இரண்டாக எடுங்கள். செலவு கூடும், திரைச்சீலைகள் பிழைக்கும்.

நிறத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், செவலைப் பூனைகளில் ஐந்தில் நான்கு கடுவனாக இருக்கும். கறுப்பு, வெள்ளை, செவலை மூன்றும் கலந்திருந்தால் ஏறக்குறைய நிச்சயமாகப் பெட்டை. பிள்ளைகளைக் காப்பகத்தில் சற்று நேரம் சும்மா இருக்க வைக்க இந்தக் கணக்கு உதவும். கறுப்புப் பூனை மட்டும் கூண்டிலேயே வருஷக் கணக்கில் தங்கிவிடுகிறது. குறுக்கே போனால் சகுனத் தடை என்கிறார்கள். உள்ளேயே இருக்கிற பூனை எதற்குக் குறுக்கே போகப் போகிறது?

தேர்ந்தெடுக்கும் முன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியக்கூடாது. காதுக்குள் காபித்தூள் மாதிரிக் கறுப்பாக இருந்தால் காதுப் பேன். உடம்பில் வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரை. அது நமக்கும் ஒட்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வாலடி சுத்தமாக இருக்க வேண்டும். கண் முன்னால் எதையாவது சாப்பிடச் சொல்லிக் கேளுங்கள். சாப்பிடுகிற பூனை பாதி ஆரோக்கியம். இவற்றில் ஏதாவது குறை இருந்தால் எடுக்கக்கூடாது என்று பொருளில்லை, தெரிந்து எடுங்கள்.

நாங்கள் எடுத்தது இரண்டு வயதுச் செவலைக் கடுவன். மதுரை கரிமேட்டுப் பக்கம் மீன் கடைகளுக்கு இடையில் காலில் அடிபட்டுக் கிடந்ததாம். கால் கூடியிருந்தது. காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தது, கருத்தடை முடிந்ததற்கு அடையாளம். பிள்ளைகள் சிம்பா என்று பெயர் வைத்தார்கள். என் அம்மா செவலை என்றார். பூனை இரண்டுக்கும் திரும்பவில்லை.

கிளம்பும்போது மூன்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்: தடுப்பூசி அட்டை, அது இத்தனை நாள் படுத்திருந்த, துவைக்காத துணி, அதன் மலத்தட்டிலிருந்து ஒரு பிடி மண். மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.

வழி

கோணிச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவது நம் பழக்கம். அது ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவதற்குச் செய்த வழி, வீட்டுக்குக் கொண்டு வருவதற்கல்ல. மூடியும் தாழ்ப்பாளும் உள்ள பிளாஸ்டிக் கேரியர் ஒன்று வாங்குங்கள். பிறகு டாக்டரிடம் போகும்போதெல்லாம் வேண்டும். பைக்கில் இரண்டு காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு வராதீர்கள். ஆட்டோவிலோ காரிலோ மடியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, காற்று வர ஓர் ஓரத்தைத் திறந்து வையுங்கள். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அக்கினி நட்சத்திரக் காலமென்றால் காலை எட்டு மணிக்குள் வீடு வந்து சேர வேண்டும்.

எங்கள் செவலை துவரிமான் வரை கத்திக்கொண்டு வந்தது. மேலக்காலில் ஒன்றுக்கு இருந்தது. தென்கரை தாண்டி வைகைப் பாலத்தில் ஏறும்போது அமைதியாகிவிட்டது. “பாவம்ப்பா, எறங்கி ஒரு நிமிஷம் தெறந்து பாப்போமா?” என்று மகள் கேட்டாள். எவ்வளவு பரிதாபமாக இருந்தாலும் வழியில் திறக்காதீர்கள். நடுரோட்டில் குதித்த பூனையை யாரும் பிடித்ததில்லை.

அறை

நம் ஊர் வீடு பூனையை வைத்திருப்பதற்காகக் கட்டியதல்ல. காற்று போய் வருவதற்காகக் கட்டியது. முற்றம், மச்சுப்படி, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, அடுப்படிப் புகைபோக்கி என்று எல்லாப் பக்கமும் வழி. தலை நுழையும் பொந்தில் பூனையின் உடம்பும் நுழைந்துவிடும். இதை வைத்துக்கொண்டுதான் அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கதவு சாத்துகிற, வாசலை விட்டுத் தள்ளியிருக்கிற, சின்ன அறை. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தால் நல்லது, ஆனால் நைலான் வலையை நகத்தால் கிழித்துவிடும். கம்பி வலை போடுங்கள். நெல் போடுகிற அறை வேண்டவே வேண்டாம். எலிக்கு வைத்த பேஸ்ட், மூட்டைக்கு இடையே போட்ட செல்பாஸ் மாத்திரை இரண்டும் பூனைக்கு எமன். மருந்து தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்துதான். பூனையும் எலி மருந்தும் ஒரே வீட்டில் இருக்க முடியாது, இரண்டில் ஒன்றை இன்றே முடிவு செய்யுங்கள்.

அறையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, பக்கவாட்டில் வாசல் வெட்டியது. அதற்குள் காப்பகத்துத் துணி. உயரத்தில் ஏறி உட்கார ஒரு மேஜையோ அலமாரித் தட்டோ. தண்ணீர் ஒரு மூலையில், சாப்பாடு கொஞ்சம் தள்ளி, மலத்தட்டு எதிர் மூலையில். சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்தில் அது போகாது; நாமும் போவதில்லை. நகம் தேய்க்க, ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாமல் நிறுத்துங்கள். கடையில் விற்பதைவிட இது உறுதி, சோழவந்தானில் நார்க் கயிற்றுக்குப் பஞ்சமும் இல்லை.

மலத்தட்டுக்குக் கடையில் லிட்டர் என்று பாக்கெட் மண் விற்கிறது. மாதாமாதம் வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள் நம் தோப்பைப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த தென்னை நார்க்கழிவு ஈரத்தை உறிஞ்சும், நாற்றத்தை அடக்கும், பிறகு செடிக் குழிக்குப் போகும். பூச்செடிக்கு, கீரைப் பாத்திக்கு அல்ல. அகலமான பிளாஸ்டிக் டப்பில் மூன்று விரல் உயரத்துக்குப் பரப்பி, காப்பகத்திலிருந்து கொண்டுவந்த அந்த ஒரு பிடி மண்ணை மேலே தூவுங்கள். வாசனையைப் பிடித்துக்கொண்டு பூனை நேராக அங்கே போகும். எங்கள் வீட்டில் முதல் ராத்திரியே போனது. கூச்சப்பட்டுக் கேட்டதற்குப் பலன்.

தினமும் ஒருமுறையாவது அள்ளிவிட வேண்டும். சுத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை சில பூனைகளின் மலத்தில் வரலாம். வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வருகிறது. அன்றன்றைக்கு அள்ளினால் அதற்கு அவகாசம் கிடையாது. வீட்டில் மாசமாக இருக்கும் பெண் இந்த வேலையைத் தொடக்கூடாது, பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

முதல் நாட்கள்

கேரியரை அறையில் வைத்துக் கதவைச் சாத்தி, மூடியைத் திறந்துவிட்டு, நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். பிடரியில் பிடித்தும் தூக்காதீர்கள். வைணவத்தில் தென்கலையார் மார்ஜார நியாயம் என்று சொல்வார்கள்: தாய்ப்பூனை கவ்வித் தூக்க, குட்டி ஒன்றும் செய்யாமல் தொங்கிக்கொண்டு போகும். அது குட்டிக்குச் சரி. நாலு கிலோ பூனையைப் பிடரியில் தூக்கினால் வலிக்கும், உங்கள் கையில் அதன் பின்னங்கால் நகங்கள் பதில் சொல்லும்.

கட்டிலடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள், மூன்று நாள், சிலது ஒரு வாரம். பகலில் சாப்பிடாது, நாம் தூங்கிய பிறகு சாப்பிடும். தட்டு காலியாகிறதா, மலத்தட்டில் குழி இருக்கிறதா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. குட்டி ஒரு நாள் முழுவதும், வளர்ந்த பூனை இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். பூனையால் பட்டினி தாங்க முடியாது. கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இருவரும் அந்தக் கட்டிலுக்கு முன் குப்புறப் படுத்து “சிம்பா, சிம்பா” என்று கெஞ்சினார்கள். என் மனைவி கருவாட்டுத் துண்டைக் காட்டினாள். (உப்பு, கொடுக்கக்கூடாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.) நான் அதன் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூனைக்கு அது சண்டைக்கு அழைப்பு.

அம்மாவுக்கு மட்டும் பூனை வந்ததே பிடிக்கவில்லை. “முடி வயித்துக்குள்ள போனா புள்ளைகளுக்கு எளப்பு வரும்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வீட்டிலேயே குளிர்ந்த அறை அதுதான். மத்தியானம் வெற்றிலைத் தட்டோடு உள்ளே போய், சுவரில் சாய்ந்து, காம்பு கிள்ளிக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். நாலாம் நாள் செவலை கட்டிலடியிலிருந்து வந்து அவர் புடவை முந்தானை ஓரத்தில் உட்கார்ந்தது. “அப்பத்தா, அசையாதீங்க அப்பத்தா” என்று மகன் வாசலில் நின்று குசுகுசுத்தான். “நான் எங்கடா அசைஞ்சேன்” என்றார்.

நாங்கள் கற்றுக்கொண்டது அவரிடம்தான். தினம் இரண்டு முறை, ஒரே ஆள், தரையில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்க வேண்டும். பேப்பர் படிக்கலாம், பூத் தொடுக்கலாம். பூனை பார்த்தால் மெதுவாகக் கண்ணை மூடித் திறவுங்கள். அதுவும் மூடித் திறந்தால் பயம் குறைந்துவிட்டது. விரலை மூக்குயரத்துக்கு நீட்டி முகர விடுங்கள். அது தலையை வந்து முட்டிய பிறகு தாடையைச் சொறியலாம். வயிற்றைத் தொடாதீர்கள், மல்லாந்து படுத்து அழைப்பது போலத் தெரிந்தாலும்.

இளைப்பு பற்றி: அம்மா முழுக்கத் தவறில்லை. பூனையால் ஒவ்வாமை வருவது உண்மை. ஆனால் காரணம் முடியல்ல. அதன் எச்சிலிலும் தோலிலும் இருக்கிற ஒரு புரதம். உடம்பை நக்கி நக்கி முடி வழியாக அது வீடெங்கும் பரவுகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், தத்து எடுக்கும் முன் இரண்டு மூன்று தடவை காப்பகத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிடுங்கள். எடுத்த பிறகு திருப்பிக் கொடுப்பதைவிட அது மேல்.

கதவைத் திறந்த கதை

நாலாம் நாள் முந்தானையில் உட்கார்ந்தது என்று எழுதினேன். அது இரண்டாம் முறை வந்த பிறகு. முதல் முறை கொண்டுவந்த மறுநாள் மாலை, ‘பாவம், அடைந்து கிடக்கிறதே’ என்று நான்தான் கதவைத் திறந்தேன். பட்டாசாலையில் குக்கர் விசில் அடித்தது. அடுத்த கணம் முற்றத்துத் தூண், ஓடு, அவ்வளவுதான்.

தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கத்தினோம். அது தவறு. பயந்த பூனை தொலைவு போகாது. பெரும்பாலும் மூன்று நாலு வீட்டுக்குள் ஒரு பொந்தில் மூச்சுவிடாமல் இருக்கும், சத்தம் கேட்டால் இன்னும் உள்ளே போகும். செய்ய வேண்டியது: அக்கம்பக்கத்து மச்சு, விறகடுக்கு, வைக்கோல் போர், மாடிப்படிக்கு அடியில் பகலிலேயே சொல்லிவைத்துப் பார்ப்பது. தெரு அடங்கிய பிறகு, ராத்திரி ஒரு மணிக்கு மேல், ஒரே ஆள் டார்ச்சோடு போவது. வெளிச்சம் பட்டால் கண் பச்சையாக மின்னும். அதன் துணியையும் வேகவைத்த மீனையும் வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருவது. மூன்றாம் ராத்திரி, இரண்டாவது வீட்டுப் பரணில் பழைய அண்டாவுக்குப் பின்னால் இரண்டு பச்சைப் புள்ளி தெரிந்தது. கூடையில் மீனை வைத்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். காப்பகத்துப் பெண்ணிடம் ஒப்புக்கொண்டபோது அவர் திட்டவில்லை. “எல்லாரும் ஒரு தடவ தெறப்பாங்கண்ணே” என்றார்.

ஆகவே: இரண்டு வாரம் ஓர் அறை. பிறகு அறையும் பட்டாசாலையும், வாசலும் முற்றமும் அடைத்த நிலையில், நீங்கள் கூட இருக்கும்போது. ஒரு மாதம் கழித்து முழு வீடு. ஏற்கெனவே வேறு பூனை இருந்தால் அந்த முதல் இரண்டு வாரம் நோய்க் காவலும்கூட. தட்டும் துணியும் தனி, கையைக் கழுவிவிட்டு மற்றதைத் தொட வேண்டும். சோழவந்தான்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழாவை ஒட்டியோ தீபாவளிக்கு முன்போ பூனையைக் கொண்டுவராதீர்கள். வெடியும் கொட்டும் மைக்செட்டும் புதுப் பூனையைச் சுவரில் ஏற வைக்கும்.

சாப்பாடு, விஷம்

பால் வேண்டாம். தெனாலிராமன் பூனை சூடு பட்டதால் பாலை வெறுத்தது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். தயிர்சாதத்தில் உயிர் பிழைத்திருக்கும், நன்றாக இருக்காது. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. கடைத் தீவனத்தில் சேர்த்திருப்பார்கள். நாலு கிலோ பூனைக்கு உலர் தீவனம் நாளுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 கிராம். அதோடு உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து முள் எடுத்த சாளையோ கோழியோ கொஞ்சம். முதல் வாரம் காப்பகத்தில் கொடுத்ததையே கொடுங்கள், பிறகு மெல்ல மாற்றுங்கள். வெந்த கோழி எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும்.

நம் வீடுகளில் அறியாமல் கொல்பவை வேறு. காய்ச்சல் என்று நினைத்துக் கொடுக்கிற பாராசிட்டமால், ஒரே மாத்திரை போதும். நாய்க்கு உண்ணி ஒழிக்கிற பெர்மெத்ரின் சொட்டு மருந்து. பீரோவில் போடும் அந்துருண்டை, சூடம். தரை துடைக்கும் பினாயில், டெட்டால்: தரையில் நடந்து பாதத்தை நக்கினால் உள்ளே போய்விடும், இவற்றை வெளியேற்ற அதன் ஈரலுக்குத் தெரியாது. சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள், மருந்தடித்த நாளில் பூனையை வெளியே விடாதீர்கள், அதே பாத நக்கல் கணக்குதான்.

டாக்டர்

வந்த ஒரு வாரத்துக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஊர் கால்நடை மருந்தகத்தில் மாடும் ஆடும் வரிசையில் நிற்கும்; கேரியரைத் துண்டால் மூடி, உயரமான இடத்தில் வையுங்கள். ஆபரேஷன் மாதிரிக் காரியத்துக்கு மதுரைதான். தல்லாகுளத்து அரசு கால்நடை பன்முக மருத்துவமனையிலும் தனியார் கிளினிக்குகளிலும் முன்கூட்டிப் பேசிவிட்டுப் போங்கள்.

தடுப்பூசி இரண்டு வகை. மூன்று நோய்க்கான கூட்டூசி, குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், ஒரு வருடத்தில் மறுபடி. அந்த மூன்று நோயில் பான்லூகோபீனியா பொல்லாதது. வாந்தி, பேதி, இரண்டே நாளில் குட்டி போய்விடும். மனிதருக்கு ஒட்டாது, ஆனால் கிருமி வீட்டில் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வீட்டில் குட்டி இப்படிச் செத்திருந்தால் ஊசி முடியாத குட்டியைக் கொண்டுவராதீர்கள். தரையை ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். பினாயிலுக்கு இந்தக் கிருமி சாகாது.

கருத்தடை ஐந்து, ஆறு மாதத்தில். பெட்டைக்கு நாலு மாதத்திலேயே சினை பிடிக்கலாம், 63 முதல் 65 நாளில் குட்டி. ‘ஒரு தடவை குட்டி போடட்டும்’ என்று தள்ளிப்போடுகிறவர்களின் குட்டிகள்தான் காப்பகக் கூண்டுகளில் இருக்கின்றன. கடுவன் மலத்தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து, சொட்டுச் சிறுநீரும் வராமல் கத்தினால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். அடைப்பு ஓரிரு நாளில் கொல்லும்.

கடித்தாலோ பிறாண்டினாலோ: குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி இலவசம், 0, 3, 7, 28 நாட்கள். ‘வீட்டுப் பூனைதானே, குட்டிதானே’ என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஒத்துவராவிட்டால்

சில வீட்டில் ஒத்துவராது. அப்போது காப்பகத்துக்கே திருப்பிக் கொடுங்கள், அவமானம் ஒன்றுமில்லை. மீன் கடை வாசலிலோ ஆற்றங்கரையிலோ விடுவது குற்றம்; பசியில் வாடும்படி விலங்கைக் கைவிடுவதை 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் வாதாடியவர் மதுரையில் பிறந்த ருக்மணி தேவி அருண்டேல். 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்று எழுதினார்கள். இன்றைக்கு இரண்டு டீ, வடை. சட்டம் பிடிக்கும் என்பதால் அல்ல, வீட்டுச் சோற்றுக்குப் பழகிய பூனை தெருவில் மறுபடி பிழைக்காது என்பதால் சொல்கிறேன்.

வெளியே விடுவதா

கடைசிக் கேள்வி இது, எல்லாரும் கேட்பது. சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கவே நெடுங்காலம் தடை இருந்து, 2024 செப்டம்பர் 1-ல்தான் உரிமத்தோடு வீட்டுக்கு இரண்டு பூனை என்று அனுமதித்தார்கள். அங்கே ஜன்னலுக்கு வலை அடித்துப் பூனையை உள்ளேயே வைப்பார்கள். அங்குள்ள தமிழர் வீட்டுக்கு அது சரிப்படும். மாடுகளும் நாய்களும் லாரியும் போகிற தெருவில், ஓட்டு வீட்டில், முழுக்க உள்ளே வைப்பது கஷ்டம்தான். ஆனால் விட்டுவிட்டால் கட்டு விரியன், மூடாத கிணறு, தெரு நாய், விஷம் தின்ற எலி எல்லாம் வெளியே இருக்கின்றன. நிறுத்திய காரின் எஞ்சினுக்குள் குட்டி ஏறிக்கொள்ளும்.

நாங்கள் நடுவழியாக முற்றத்துக்கு மேலே கம்பி வலை போட்டோம். வெயில், மழை, அணில் எல்லாம் அதற்குத் தெரியும். அணில் மட்டும் அதற்கு எட்டாது. மாலை ஆறு மணிக்குத் தீவன டப்பாவை இரண்டு தட்டுத் தட்டி உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிறோம். தினம் அதே நேரம், அதே டப்பா, வந்ததும் உடனே சாப்பாடு. பத்தே நாளில் பழகிவிடும். பெயருக்குத் திரும்பாத பூனை டப்பாவுக்கு ஓடிவரும். ஒருநாள் வலை கிழிந்து வெளியே போனபோதும் அந்தச் சத்தம்தான் கொண்டுவந்தது.

தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டு வைக்கிற அதே பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். அடுத்த ஊசித் தேதியை அடுப்படி காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். எங்கள் காலண்டரில் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் ‘செவலை’ என்று எழுதியிருப்பது அம்மாவின் கையெழுத்து.